லேபிளில் 'சாண்டோரினி' என்று போட என்னவெல்லாம் வேண்டும்?

ஒயின் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பிப்பவர்களை முதலில் குழப்புவது லேபிள்தான். சில பாட்டில்களில் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும்: ஷிராஸ், மெர்லோ, ஷார்டொனே. வேறு சிலவற்றில் திராட்சையின் பெயரையே காணோம், ஒரு ஊரின் பெயர் மட்டும்தான் இருக்கும்: போர்டோ, ஷாப்லி, சாண்டோரினி. ஊர்ப் பெயரைப் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும், ஏனென்றால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை, எந்த ரகம், ஒரு ஏக்கருக்கு எவ்வளவு பறிக்கலாம், ஒயினை எப்படிச் செய்ய வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருந்து விற்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சட்டத்தில் விதி உண்டு. அந்த விதிகளுக்கு உட்பட்டால்தான் ஊர்ப் பெயர் கிடைக்கும்.

நமக்கு இது புதிய விஷயமில்லை. புவிசார் குறியீடு என்று நாம் சொல்வதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாக அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. வந்த இடத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது, அவ்வளவுதான். நான் இங்கே சொல்லப் போகிற ஊரில் இடமும் அந்த இடத்திலேயே பிறந்த ரகங்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

ஊர்ப் பெயருக்கு வேலி போடும் வழக்கம் பழையது. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குக்கு 1756-லேயே எல்லை வகுத்தார்கள். பிரான்ஸ் 1935-இல் நாடு முழுமைக்குமான சட்டமாக அதைக் கொண்டு வந்தது. கிரீஸ் அந்த வழியைப் பின்பற்றி 1971-இல் தன் ஒயின் ஊர்களை வகைப்படுத்தியபோது முதல் வரிசையில் இடம்பெற்றவற்றில் ஒன்று சாண்டோரினி. இன்றைக்கு அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. வரலாறு இந்த அளவு போதும்.

சாண்டோரினியைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. ஏஜியன் கடலில், செங்குத்தான பாறை விளிம்பில் வெள்ளை வெளேரென்று வீடுகள், நீலக் குவிமாடம் வைத்த தேவாலயங்கள். அந்தப் பாறை விளிம்பு ஒரு எரிமலை வாயின் விளிம்பு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அந்த எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதியே கடலுக்குள் இறங்கிவிட்டது. அக்ரோத்திரி என்ற வெண்கலக்கால ஊர் சாம்பலுக்கு அடியில் அப்படியே புதைந்தது. இன்று அதைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். திராட்சைக்கு முக்கியமான செய்தி, வெடிப்புக்குப் பிறகு தீவின் மேல் படிந்த சாம்பலும் நுரைக்கல்லும் எரிமலை மணலும்தான். மண் என்று நாம் சொல்லும் பொருளில் அங்கே மண்ணே கிடையாது. களிமண் இல்லை, மக்கு இல்லை. கையில் அள்ளினால் வெளிறிய பொடியும் எடையே இல்லாத கல்லும்தான் விரலிடுக்கில் வழியும்.

இந்த வறண்ட பொடிதான் அந்தத் தீவின் கொடிகளைக் காப்பாற்றியது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்செரா என்ற மிகச் சிறிய பூச்சி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அது வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், வேர் அழுகும், கொடி சாகும். சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அது காலி செய்துவிட்டது. மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்த வழி ஒட்டுக் கட்டுவது: அந்தப் பூச்சியோடு பழகித் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியை அடியில் வைத்து, மேலே ஐரோப்பிய ரகத்தை ஒட்டினார்கள். இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான ஒயின் கொடிகள் இப்படி ஒட்டுக் கட்டியவைதான். ஆனால் அந்தப் பூச்சி வேருக்கு வேர் பரவக் களிமண் கலந்த மண் வேண்டும். களிமண்ணே இல்லாத எரிமலை மணலில் அதனால் வாழ முடியாது. அதனால் சாண்டோரினிக் கொடிகள் இன்றுவரை சொந்த வேரில் நிற்கின்றன. தலை ஒன்று, கால் ஒன்று என்ற கதை அங்கே இல்லை.

சரி, பூச்சி இல்லை. ஆனால் தண்ணீரும் இல்லையே? மழை பெய்வதெல்லாம் குளிர்காலத்தில்தான், அதுவும் கொஞ்சம். கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாது. அதே கோடையில் மெல்தெமி என்ற வடகாற்று நாள் கணக்கில் விடாமல் வீசும், மணலை அள்ளி முகத்தில் அடிக்கும், இளந்தளிரை ஒடிக்கும், பூவை உதிர்க்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போலக் கல் தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அதனால் அந்த ஊர் விவசாயிகள் கொடியை மேலே ஏற்றாமல் தரையோடு தரையாகப் படுக்க வைத்தார்கள்.

இதற்குக் குலூரா என்று பெயர். குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் கொட்டி நிற்கும்போது கவாத்து செய்பவர் தோட்டத்துக்குள் இறங்குகிறார். ஒவ்வொரு கொடிக்கும் முன்னால் குனிந்தோ மண்டியிட்டோ உட்கார்ந்து, போன பருவத்தில் வளர்ந்த தண்டுகளில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார். விட்ட நீளமான தண்டுகளை மெதுவாக வளைத்து, முந்தைய ஆண்டுகளில் பின்னிய வளையத்துக்குள் செருகிச் சுற்றுகிறார். வேகமாக வளைத்தால் முறிந்துவிடும், முறிந்தால் அந்த ஆண்டு அந்தத் தண்டில் காய் இல்லை. இப்படி ஆண்டுக்கு ஒரு சுற்று ஏற ஏற, தரையில் உட்கார்ந்த ஒரு கூடை உருவாகிறது. வசந்தத்தில் இலைகள் கூடையின் மேல் விரிந்து கூரை போடும், குலைகள் உள்ளே பாதுகாப்பாகத் தொங்கும். காற்று மேலே போய்விடும், வெயில் நேராக அடிக்காது, மணல் பழத்தைக் கீறாது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரப்பதத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்திருந்து பகலில் மெல்ல விடும். வேருக்கு அது போய்ச் சேரும். காற்று குறைவான இடங்களில் இதையே கொஞ்சம் மாற்றி, தண்டுகளைத் தனித்தனி வளையமாகக் கட்டும் வேறொரு முறையும் உண்டு.

கூடைக்கும் வயதாகும். சுற்று கூடக்கூட, வேரிலிருந்து நுனி வரை சாறு போக வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும், விளைச்சல் குறையும். எழுபத்தைந்து, நூறு ஆண்டுகள் ஆனதும் கூடை முழுவதையும் தரை மட்டத்தில் வெட்டி எடுத்துவிடுவார்கள். அடியில் வேர் உயிரோடுதான் இருக்கும், அதிலிருந்து புதுத் துளிர் வரும், மறுபடி முதல் சுற்றிலிருந்து பின்ன ஆரம்பிப்பார்கள். இப்படிப் பல தடவை வெட்டித் துளிர்த்த வேர்கள் அங்கே உண்டு, அதாவது மேலே இருக்கும் கூடையை விட அடியில் இருக்கும் வேருக்குச் சில நூறு ஆண்டுகள் மூப்பு. ஒயின் உலகத்தில் எழுபது வயதுக் கொடி என்றாலே பெருமையாக லேபிளில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கெல்லாம் இந்தத் தீவில் ஒன்றுமேயில்லை.

இப்போது ரகங்களுக்கு வரலாம். தீவின் தலைமகன் அசிர்த்திகோ, வெள்ளைத் திராட்சை. இதன் அருமை புரிய ஒரு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெயில் கடுமையான ஊரில் இந்த இறக்கம் வேகமாக நடக்கும். ஒயின் போதையாக இருக்கும், ஆனால் நாக்கில் சப்பென்று உட்காரும். வெள்ளை ஒயினுக்குப் புளிப்புதான் முதுகெலும்பு, அதனால்தான் பேர்பெற்ற வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்களிலிருந்து வருகின்றன. அசிர்த்திகோ இந்த விதிக்கு அடங்காது. ஆகஸ்டு வெயிலில் நன்றாகப் பழுத்து, 13, 14 சதவீத ஆல்கஹால் தரும் அளவுக்குச் சர்க்கரை சேர்ந்த பிறகும் புளிப்பைக் கையில் பிடித்து வைத்திருக்கும். இதில் ரகத்தின் குணம் பாதி. திராட்சையில் இரண்டு முக்கியமான அமிலங்கள் உண்டு. வெப்பத்தில் சீக்கிரம் கரைந்து போவது மாலிக் அமிலம், நிலைத்து நிற்பது டார்டாரிக் அமிலம். அசிர்த்திகோவின் பலம் டார்டாரிக். மீதிப் பாதி மண். பழத்தில் பொட்டாசியம் கூடினால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து புளிப்பை மட்டுப்படுத்தும். சாண்டோரினி மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு, ஆகவே புளிப்பு குறையாமல் நிற்கிறது. ஊரும் ரகமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வது என்றால் இதுதான்.

குடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? வாசனையில் பெரிய ஆரவாரம் கிடையாது, எலுமிச்சைத் தோல் மாதிரி, கொஞ்சம் புகை மாதிரி ஒன்று. வாயில் விட்டதும் கூர்மை, அப்புறம் எடை, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு உப்புச் சுவை நெடுநேரம். அந்த உப்பை வைத்து விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள், எரிமலைக் கல்லையே குடிக்கிறீர்கள் என்பார்கள். அப்படி நம்ப வேண்டியதில்லை. கல்லின் சுவை வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் போவதில்லை. மண் செய்வது வேறு வேலை: தண்ணீரை எவ்வளவு தருவது, சத்தை எவ்வளவு தருவது, புளிப்பை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம். அதுவே பெரிய வேலைதான், அதன் மேல் மாயம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

கூட இருக்கும் மற்ற இரண்டு வெள்ளை ரகங்கள் அதிரியும் ஐதானியும். அதிரி மென்மையானது, தோல் மெல்லியது, ரோட்ஸ் தீவில் அதை வைத்துத் தனியாகவே வெள்ளை ஒயின் செய்கிறார்கள். ஐதானியில் பூவாசம் உண்டு, புளிப்பு குறைவு. சாண்டோரினியில் இவை அசிர்த்திகோவின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கச் சேர்ப்பவை. லேபிளில் ஊர்ப் பெயர் வர வேண்டுமென்றால் உலர் வெள்ளை ஒயினில், அதாவது இனிப்பு மிச்சமில்லாத வெள்ளை ஒயினில், முக்கால் பங்குக்குக் குறையாமல் அசிர்த்திகோ இருந்தாக வேண்டும். பல தயாரிப்பாளர்கள் முழுக்கவே அதை மட்டும் வைத்துச் செய்கிறார்கள்.

அந்த ஒரே ஊர்ப் பெயருக்குக் கீழே மூன்று விதமான ஒயின்கள் வருகின்றன. முதலாவது இப்போது சொன்ன உலர் வெள்ளை. இரண்டாவது நிக்தேரி. பறித்த திராட்சையைப் பகல் வெயிலில் பிழியாமல் அன்று இரவே பிழிந்து முடிக்கும் பழக்கத்திலிருந்து வந்தது. கொஞ்சம் கூடுதலாகப் பழுத்த பழம், 13.5 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால், மரப் பீப்பாயில் சில மாதங்கள். மூன்றாவது வின்சாந்தோ, எனக்கு இந்தத் தீவில் மிகவும் பிடித்தது இதுதான். நன்கு பழுத்த குலைகளை வெயிலில் பரப்பி ஒன்று இரண்டு வாரம் காய வைக்கிறார்கள், நடுநடுவே புரட்டிப் போடுகிறார்கள். பாதி உலர் திராட்சையாகிச் சுருங்கிய பிறகு பிழிந்தால் கெட்டியான சாறு சிறிதளவே வரும். அது புளித்து முடியவே நாளாகும், சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் மிச்சம் நிற்கும். அப்புறம் குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது விதி, பல ஆண்டுகள் வைத்திருப்பவர்களும் உண்டு. நிறம் தேன் கலந்த பழுப்பு, அத்திப்பழமும் காப்பியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வாசம். இவ்வளவு இனிப்பு இருந்தும் திகட்டாது, ஏனென்றால் அடியில் அசிர்த்திகோவின் புளிப்பு இருக்கிறது. இதில் பாதிக்கு மேல், 51 சதவீதமாவது, அசிர்த்திகோ இருக்க வேண்டும் என்று விதி சொல்வது சும்மா இல்லை. ஒரு காலத்தில் இது ரஷ்யாவுக்குக் கப்பலேறித் தேவாலயத் திருப்பலிக்குப் போனது. இத்தாலியின் டஸ்கனியிலும் ஏறக்குறைய இதே பெயரில் ஒரு இனிப்பு ஒயின் உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதும் உரிமை சாண்டோரினிக்கு, டஸ்கனிக்காரர்கள் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

சிவப்பு ஒயின் எங்கே என்று கேட்பீர்கள். தீவில் சொந்தமான கருப்புத் திராட்சைகள் இருக்கின்றன, மந்திலாரியாவும் மவ்ரோத்ரகானோவும். ஆனால் சாண்டோரினி என்ற ஊர்ப் பெயர் வெள்ளை ரகங்களுக்கு மட்டும்தான். அதே தோட்டத்தில், அதே சாம்பலில், அதே கூடையில் விளைந்தாலும் இந்தச் சிவப்பு ஒயின்கள் கிக்ளாடெஸ் என்ற பெரிய தீவுக்கூட்டத்தின் பொதுப் பெயரில்தான் வெளியே போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பாரோஸ் தீவில் இதே மந்திலாரியாவுக்கு ஊர்ப் பெயர் கிடைத்திருக்கிறது, அதுவும் மொனெம்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையோடு சேர்த்து. ஒரு ஊரின் விதியில் ஒரு ரகம் இடம்பெறுவதும் பெறாததும் அதன் தரத்தைப் பொறுத்தது மட்டும் இல்லை, சட்டம் எழுதிய காலத்தில் அங்கே எது அதிகம் விளைந்தது, எதை மக்கள் தங்கள் ஒயின் என்று நினைத்தார்கள் என்பதையும் பொறுத்தது.

மவ்ரோத்ரகானோவின் கதை இதற்குச் சரியான உதாரணம். விளைச்சல் குறைவு, பழுப்பதும் சீராக இருக்காது, ஊர்ப் பெயரும் கிடையாது, பிறகு யார் நடுவார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எறிந்து, கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொடிகளே மிஞ்சின. 1990-களில் பாரிஸ் சிகாலாஸ், ஹரிதிமோஸ் ஹட்சிதாகிஸ் என்ற இரண்டு ஒயின் தயாரிப்பாளர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். அதைத் தனியாகப் பிழிந்து, தனியாகப் பாட்டிலில் அடைத்து, இது எப்பேர்ப்பட்ட ஒயின் என்று காட்டினார்கள். அடர்ந்த நிறம், மசாலா வாசம், பிடித்து நிறுத்தும் துவர்ப்பு. இன்றைக்கு அந்தக் கொடி மறுபடி நடப்படுகிறது. ஹட்சிதாகிஸ் 2017-இல் இறந்துவிட்டார். அவர் செய்த வேலையை எந்தச் சட்டமும் செய்யவில்லை என்பதை ஒயின் பிரியர்கள் மறக்கக் கூடாது.

அசிர்த்திகோ இப்போது தீவை விட்டும் போய்விட்டது. கிரீஸின் பெருநிலத்தில் பல இடங்களில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஜிம் பேரி நிறுவனம் அதை வளர்க்கிறது; 2006-இல் சாண்டோரினிக்குப் போன பீட்டர் பேரி அங்கே குடித்துப் பார்த்து அசந்துபோய்க் குச்சிகளைத் தருவித்தார், 2016 வாக்கில் விற்பனைக்கு வந்தது. நல்ல ஒயின் என்றுதான் சொல்கிறார்கள். வெப்பம் கூடிக்கொண்டு போகும் உலகத்தில் புளிப்பை விடாத திராட்சைக்கு எங்கேயும் கிராக்கி இருக்கத்தான் செய்யும். ரகம் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதன் பெயரையும் லேபிளில் போடலாம். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஊர்ப் பெயரும் ரகப் பெயரும் வெவ்வேறு என்பதை முதலிலேயே பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி லேபிள்கள் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. சட்டம் பெயரைக் காக்கும், கொடியைக் காக்காது. சாண்டோரினியில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 1,200 ஹெக்டேர் தோட்டம். நிலத்தில் கொடி வைத்துக் கிடைக்கும் காசை விட அதே நிலத்தில் விடுதி கட்டிக் கிடைக்கும் காசு பல மடங்கு. குனிந்து கூடை பின்னும் வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை, தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. அண்மை ஆண்டுகளில் குளிர்கால மழையும் சரியாகப் பெய்யாமல் விளைச்சல் மிக மோசமாக விழுந்திருக்கிறது, திராட்சை விலை கிரீஸிலேயே உச்சத்தில் நிற்கிறது. 2025 தொடக்கத்தில் வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் வந்து மக்கள் தீவைக் காலி செய்துவிட்டுப் போய்த் திரும்பினார்கள். எரிமலையின் மேல் பயிர் செய்வதில் இதுவும் அடக்கம். சிலர் வரிசையாகக் கம்பி கட்டிக் கொடி ஏற்றுகிறார்கள், சொட்டு நீர் விடுகிறார்கள். அதைத் தப்பு என்று வெளியே இருந்து சொல்வது எளிது. என்னைக் கேட்டால், கூடைக் கொடிக்கென்று தனி விலை கொடுக்கத் தயாரிப்பாளர்கள் முன்வந்தால் ஒழிய அந்த முறை நிலைக்காது. அந்த விலை நமக்கு வரும் பாட்டிலிலும் தெரியும். சாண்டோரினி ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்கள், ஒரு கூடையில் எத்தனை குலை கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெளிநாடு போகும்போதோ விமான நிலையத்திலோ கண்ணில் பட்டால், 'சாண்டோரினி' என்று மட்டும் இருந்தால் அது உலர் வெள்ளை, பெரும்பகுதி அசிர்த்திகோ. 'அசிர்த்திகோ' என்று பெரிதாக இருந்து ஊர் வேறாக இருந்தால் அது தீவு ஒயின் இல்லை, ஆனால் விலை குறைவாக இருக்கும், ரகத்தைப் பழகிக்கொள்ள நல்ல வழி. மவ்ரோத்ரகானோ என்று இருந்து 'கிக்ளாடெஸ்' என்று போட்டிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம், விதிப்படி அப்படித்தான் இருக்கும். உலர் வெள்ளையை உறையக் குளிர வைத்தால் வாசமே எழாது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். பொரித்த மீன், கணவாய், இறால் எதற்கும் பொருந்தும். இந்த வருட ஒயினும் நாலைந்து வருடம் பழைய ஒயினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பழையதை எடுங்கள். பெரும்பாலான வெள்ளை ஒயின்களுக்கு இது பொருந்தாது, அசிர்த்திகோவுக்குப் பொருந்தும்.